மரிக்கொழுந்து போட்ட வெட்டிவேர் அத்தர்: ஒரே போத்தல், ஆளுக்கொரு மணம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுவோம். வெட்டிவேர், சந்தனம், மரிக்கொழுந்து என்று மூன்றின் பெயரையும் சொல்லி, யாழ்ப்பாண நகரத்து அத்தர்க் கடைகளிலும் நல்லூர்த் திருவிழாக் காலத்துத் தெருக்கடைகளிலும் 3 மில்லிலீற்றர் உருளைப் போத்தலில் (வாயில் உருளும் பந்து வைத்தது) விற்கிறார்களே, அந்த மர மூலிகை அத்தர் கொடுக்கும் காசுக்குப் பெறுமதியான சாமான். வாங்கலாம். ஆனால் சிநேகிதரின் மணிக்கட்டை மணந்துபார்த்து, "எனக்கும் அதிலே ஒன்று" என்று வாங்குகிறவர்கள் இரண்டாம் நாள் கடைக்காரரோடு கொழுவப் போவார்கள். அவரில் பழமும் பூவுமாக மணந்தது, இவரில் கசாயப் பானையைத் திறந்தது போல மணக்கும். கடைக்காரர் போத்தலை மாற்றிக் கொடுக்கவில்லை. இந்த எண்ணெயின் குணமே அப்படி.

ஒவ்வொரு கடையிலும் லேபிளில் ஒவ்வொரு பெயர் இருக்கும். அதை விடுங்கள். மேலே சொன்ன மூன்றும் சேர்ந்த கலவை எதுவானாலும் கீழே எழுதியிருப்பது பொருந்தும்.

மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறுவது பச்சை மணம்: கசக்கிய இலை, ஒரு கீற்றுக் கற்பூரம், கொஞ்சம் தேயிலை. மரிக்கொழுந்தும், இந்தக் கலவைகளில் கூடவே சேரும் பச்சோலி என்ற இலை எண்ணெயும் முகம் காட்டும் நேரம் இது. பத்து, பதினைந்து நிமிடத்தில் கற்பூரம் போய்விடும். அதற்குப் பிறகு மரிக்கொழுந்து பழப்பக்கம் திரும்ப வேண்டும். கிறிஸ்மஸ் கேக்குக்குப் பிராந்தியில் ஊறப்போட்ட பிளம்ஸ், காம்படி கறுக்கத் தொடங்கிய கறுத்தக்கொழும்பான் மாம்பழம், அந்த மாதிரி ஒரு பழுத்த இனிப்பு. ஒரு மணித்தியாலம் கழிய வெட்டிவேர் மேலே வரும். முதல் மழைக்கு நனைந்த செம்மண்ணும், தண்ணீரில் ஊறிய வேரும், எங்கோ தூரத்தில் புகையும். சில கலவைகளில் கோரைக்கிழங்கு எண்ணெயும் இருக்கும். அது இருந்தால் புகை கூடும். புகையிலைக் குடிலுக்குப் பக்கத்தால் போன உடுப்பைப் போல ஒரு காரம் வரும். தேவதாரு சேர்ந்திருந்தால் பலகை வாசம் வரும். ஐந்து ஆறு மணித்தியாலம் கழித்துத் தோலோடு ஒட்டிக்கொண்டு நிற்பது சந்தனம். பால் காய்ச்சிய மணம், மிகவும் தாழ்ந்த குரலில். எட்ட நிற்பவருக்கு அது கேட்காது.

இந்த வரிசை ஒரு வெள்ளைக் கடதாசித் துண்டில் ஒழுங்காக நடக்கும். தோலில்தான் குழப்பம்.

வாசனைத் தொழிலில் மரிக்கொழுந்து எண்ணெய்க்கு நீண்டகாலப் பெயர் ஒன்று உண்டு: போடும் ஆளுக்கு ஆள் மணம் மாறும் எண்ணெய் என்று. கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் கார்த்திகை மார்கழிக் குளிரில் வளர்த்து, பூக்கும் பருவத்தில் வெட்டி, வாட்டி, ஆவியில் வடிக்கிறார்கள். எண்ணெயின் பெரும்பங்கு டவனோன் என்ற கீற்றோன். அதைச் சுற்றி மிகச் சிறிய அளவில் இருக்கும் வேறு சில பொருட்கள்தான் பழ வாசத்தைத் தருகின்றன. பெரும்பங்கு ஒரு வேகத்திலும் சிறுபங்கு இன்னொரு வேகத்திலும் பறக்கின்றன. தோல் சூடு கூடினால், எண்ணெய்ப் பசை குறைந்தால், வியர்வை கழுவினால், இந்த இரண்டு வேகத்துக்கும் இடையிலுள்ள கணக்கு மாறிவிடும். சந்தனத்திலோ வெட்டிவேரிலோ எல்லாமே கனமான பொருட்கள், ஆறுதலாகப் பறப்பவை. அதனால் அவை எந்த ஆளிலும் ஏறக்குறைய ஒரே முகத்தைக் காட்டும்.

பெயரில் ஒரு குழப்பம் இருக்கிறது. மரு, மருக்கொழுந்து, மரிக்கொழுந்து என்று ஊருக்கு ஊர் மாற்றிச் சொல்வதால், மருவின் எண்ணெயைப் போட்டுவிட்டு மரிக்கொழுந்து என்று எழுதிய போத்தலும் வரலாம். மரு துளசிக் குடும்பம். மரிக்கொழுந்து மாசிபத்திரியின் குடும்பம். மருவின் எண்ணெய் முதலிலும் மருந்து, கடைசியிலும் மருந்து. பழத்துக்குத் திரும்பவே மாட்டாது. நாலைந்து பேர் போட்டுப் பார்த்தும் ஒருவரிலும் இனிப்பு வராத போத்தலில் மரிக்கொழுந்து இருப்பது சந்தேகம்.

இனி ஆட்களுக்கு வருவோம்.

வறண்ட தோல். முழங்கைக்குக் கீழே நகத்தால் கீறினால் வெள்ளைக் கோடு விழுகிற தோல் என்றால் உங்களுடையது இந்த வகை. வயதானவர்கள், குளிரூட்டிய அறையில் நாள் முழுக்க இருக்கும் வங்கி, அலுவலக ஊழியர்கள், இரண்டு வேளையும் சவர்க்காரம் போட்டுக் குளிக்கிறவர்கள் பெரும்பாலும் இதற்குள் அடங்குவர். இவர்களில் அத்தர் கெதியாக முடிந்துவிடும். எண்ணெய் பிடித்து நிற்கப் பசை இல்லாததால் மேல்மணம் சட்டென்று பறந்து, பழம் வரும் கட்டம் ஐந்து நிமிடத்தில் கடந்து, நேரே வேருக்கும் புகைக்கும் போய்விடும். "எனக்குப் போட்டால் கோயில் மடப்பள்ளி மாதிரி இருக்கு" என்று சொல்கிறவர்களில் கூடுதலானோர் இவர்கள்தான். மருந்து சுலபம்: பூசுவதற்கு பத்து நிமிடம் முன்பு மணமில்லாத வாசலின் பச்சைப்பயறு அளவு எடுத்து அந்த இடத்தில் தேய்த்துவிடுங்கள். பழக்கட்டம் நீளும். தேங்காய் எண்ணெய் தேய்த்தாலும் நீளும், ஆனால் தேங்காய் எண்ணெய்க்குச் சொந்த மணம் உண்டு. அது வெட்டிவேரோடு சேரும், மரிக்கொழுந்தோடு சேராது. இரண்டு இனிப்பும் மோதி, நாள்பட்ட பலகாரப் பெட்டியின் வாசம் வரும்.

எண்ணெய்த் தோல். நெற்றியில் திருநீறு பூசி அரை மணித்தியாலத்தில் ஈரம் பிடித்துக் கறுக்கிறது என்றால் நீங்கள் இந்த வகை. இவர்களுக்கு இந்த அத்தர் நன்றாக வேலை செய்யும். பழம் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நிற்கும். வெட்டிவேர் பின்னேரம் வரை வரும். கெடுவது அளவில்தான். உருளையை மூன்று தரம் இழுத்தால் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் யன்னலைத் திறப்பார். ஒரு இழுவை போதும், அதுவும் ஒரு மணிக்கட்டில் மட்டும்.

வியர்க்கிற ஆட்கள். தோட்டக்காரர், மேசன், சந்தையில் மூட்டை இறக்குகிறவர், வெயிலில் சைக்கிள் மிதிக்கிறவர். புது வியர்வைக்குப் பெரிதாக மணமில்லை. அக்குளில் உள்ள கிருமிகள் அதை உடைக்கும்போதுதான் நாற்றம் பிறக்கிறது. அதனால் அக்குளில் இந்த அத்தரைப் பூசுவது பெரிய பிழை. நாற்றத்தை அது மூடாது. பழ இனிப்பும் அக்குள் புளிப்பும் கலந்து இரண்டையும் விட மோசமான மூன்றாவது ஒன்று வரும். கோரைக்கிழங்கு போட்ட கலவை என்றால் இன்னும் மோசம். கழுத்துப் பின்புறம், நெஞ்சின் மேற்பகுதி, முழங்கை மடிப்புக்குச் சற்று மேலே என்பவை சரியான இடங்கள். வேலைக்குப் போகுமுன் பூசி வியர்த்துக் கழுவுப்பட விடாமல், வேலை முடிந்து குளித்த பிறகு பூசுவது நல்லது. வியர்வையோடு ஓடிய அத்தர் சேட் கழுத்துப்பட்டியில் பழுப்புக் கறையாக நிற்கும்.

தாடி வைத்திருப்பவர்களில் இந்த எண்ணெய் அழகாக நிற்கும். மயிர் தோலைப் போல சூடாக்காது. எனவே கடதாசியில் நடக்கும் வரிசை இதிலும் கிட்டத்தட்ட அப்படியே நடக்கும். தலைமயிர் வேறு கதை. நாள்தோறும் தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ வைக்கிற தலையில் அத்தரைத் தடவ வேண்டாம். மல்லிகைச் சரம் வைக்கிற பெண்களும் கழுத்தில் பூசாமல் மணிக்கட்டோடு நிறுத்துவது நல்லது. மல்லிகையின் அடிமணத்தில் ஒரு விலங்கு வாசம் இருக்கிறது. வெட்டிவேர் அதைப் பிடித்து மேலே இழுத்துவிடும்.

நெஞ்சிலும் கையிலும் சந்தனம் அரைத்துப் பூசியவர்கள் இதை மேலே போட்டால் என்ன? அரைத்த சந்தனம் காயும்போது மாவாகி எண்ணெயை உறிஞ்சிவிடும். மணம் முடங்கும். திருநீறும் அப்படித்தான், அதோடு சாம்பல் காரத்தன்மை உடையது. சந்தனம், திருநீறு பூசாத இடமாகப் பார்த்துப் போடுங்கள். குழந்தைகளுக்கு இது வேண்டவே வேண்டாம்.

தோலின் பீஎச் பெறுமானம், அதாவது அமிலத்தன்மையின் அளவுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று கடைகளில் சொல்வார்கள். ஆரோக்கியமான தோல் எல்லோருக்கும் 5க்குக் கிட்டத்தான் நிற்கிறது. சந்தனத்திலும் வெட்டிவேரிலும் உள்ள பொருட்கள் அந்தளவு அமிலத்துக்குச் சில மணித்தியாலத்தில் உடைந்துபோவன அல்ல. இரத்த வகையைப் பார்த்து அத்தர் எடுத்துக் கொடுப்பதையும் ராசி பார்த்துக் கொடுப்பதையும் ஒரே தட்டில் வைக்கலாம். சூடு, பசை, ஈரம், ஏற்கனவே தோலில் இருக்கும் மணம்: இந்த நாலையும் பார்த்தால் அனேகமாக விடை கிடைக்கும்.

ஏற்கனவே தோலில் இருக்கும் மணம் என்பதை யாழ்ப்பாணத்தில் தனியாகக் கதைக்க வேண்டும், ஏனென்றால் இங்கே கிணற்றுத் தண்ணீர் அப்படி. குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது, தண்ணீர் வன்னீர். வன்னீரில் சவர்க்காரம் நுரைப்பது குறைவு. தண்ணீரில் உள்ள கல்சியம் சவர்க்காரத்தோடு சேர்ந்து கரையாத ஒரு கட்டியாகித் தோலில் படியும். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் பிடிப்பது ஒரு படிவு. குளித்த பின் கையில் பிசுக்காக உணர்வது இன்னொன்று. அந்தப் பிசுக்கில் சவர்க்காரத்தின் வாசனையும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதன்மேல் அத்தரைப் போட்டால் நீங்கள் மணப்பது இரண்டையும் சேர்த்துத்தான். சிவப்பு மருந்துச் சவர்க்காரம் போட்டுக் குளித்தவரில் மரிக்கொழுந்து ஒருபோதும் பழமாகாது. ஆஸ்பத்திரி வாசம்தான் மிஞ்சும். வேப்பெண்ணெய்ச் சவர்க்காரம் வெட்டிவேரின் மண்வாசத்தைக் கசப்பாக்கும். சந்தனச் சவர்க்காரம் என்று விற்பவற்றின் பவுடர் வாசம் அத்தரின் கடைசிக் கட்டத்தை மூடிவிடும். கொழும்பில் குழாய்த் தண்ணீரில் குளித்துவிட்டுப் போட்ட போது நன்றாக இருந்த போத்தல், ஊருக்கு வந்து போட்டால் மாறிவிட்டது என்கிற முறைப்பாட்டுக்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பூசப்போகிற இடத்தில் மட்டும் சவர்க்காரம் போடாதீர்கள், அல்லது போட்டால் கடைசியாக ஒரு சிரட்டை மழைத்தண்ணீரோ ஆறவைத்த கொதிநீரோ ஊற்றிக் கழுவுங்கள். கொதிக்க வைக்கும்போது கல்சியத்தில் ஒரு பங்கு படிந்துவிடுவதால் அந்தத் தண்ணீர் சற்று மென்மையாக இருக்கும். துவாயால் ஒற்றித் துடைத்து, தோல் காய்ந்து பதினைந்து நிமிடம் விட்டுப் பூசுங்கள். குளித்த சூட்டோடு பூசினால் மேல்மணம் வீணாகப் போய்விடும்.

அடுத்தது மூக்கு. ஆளுக்கு ஆள் மணம் மாறுகிறது என்பதில் ஒரு பங்கு, மணக்கிற ஆளின் மூக்கு மாறுவதுதான். பூசியவருக்கு பத்து இருபது நிமிடத்தில் மூக்கு பழகிவிடும். "மணமே இல்லை, தண்ணீர் கலந்திருக்கிறான்" என்று சொல்லிக்கொண்டு இன்னும் பூசுவார். வீட்டில் மற்றவர்களுக்குத் தலையிடிக்கும். இது பழக்கத்தால் வரும் தற்காலிகச் செவிடு. வெளியே போய்க் கால் மணித்தியாலம் காற்றில் நின்றுவிட்டு வந்தால் மூக்குத் திரும்பும். கோப்பிக்கொட்டையை மணந்தால் மூக்குச் சுத்தமாகும் என்று மேசையில் ஒரு கிண்ணம் வைத்திருப்பார்கள். அதனால் ஒரு பலனும் இல்லை. உங்கள் சேட் கையின் உட்பக்கத்தை மணவுங்கள், அது போதும்.

இன்னொரு வகைச் செவிடு பிறப்பிலேயே வருவது. சிலருக்குச் சந்தன மணத்தைத் தரும் பெரிய மூலக்கூறுகள் மூக்கில் பதியாது. உண்மையான சந்தன எண்ணெயும் சரி, அதற்குப் பதிலாகப் போடும் ஜாவனோல் போன்ற செயற்கைச் சந்தனங்களும் சரி, அவர்களுக்கு ஒன்றுமே இல்லை. சில கஸ்தூரி வாசங்களும் அப்படியே. அப்படிப்பட்டவர் இந்த அத்தரைப் போட்டால் அவருக்கு வெட்டிவேரும் புகையும் மட்டும் தெரியும், "கரடுமுரடாக இருக்கிறது" என்பார். பக்கத்தில் நிற்பவருக்குப் பாலும் வெண்ணெயுமாக இருக்கும். இருவரும் உண்மைதான் சொல்கிறார்கள். உங்கள் மூக்கு எந்த வகை என்று அறிய, வீட்டில் சந்தனக் கட்டையை அரைத்து, கண்ணை மூடி, வெறும் தண்ணீர் தொட்ட விரலையும் சந்தனம் தொட்ட விரலையும் மாற்றி மாற்றி யாரையாவது நீட்டச் சொல்லிப் பாருங்கள். பத்துத் தரத்தில் ஆறு தரம்தான் சரியாகச் சொல்கிறீர்கள் என்றால், சந்தனம் போட்ட அத்தருக்கு விலை கூடக் கொடுப்பது உங்களுக்காக அல்ல, மற்றவர்களுக்காக.

கடையில் எப்படிப் பார்ப்பது? ஒரே நாளில் மூன்றுக்கு மேல் மணக்க வேண்டாம். முதலில் கடதாசி. வடிகடதாசி அல்லது தடித்த வெள்ளை வரைதாள் விரல் அகலத்துக்கு. செய்தித்தாளில் மை மணக்கும். கடைப் பற்றுச்சீட்டில் பூச்சு மணக்கும். நுனியில் ஒரு துளி விட்டு, அரை நிமிடம் கழித்து மணவுங்கள். பிடித்திருந்தால் முழங்கையின் உட்பக்கத்துக்கு நாலு விரல் கீழே ஒரு சிறு இழுவை. தேய்க்க வேண்டாம், இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து உரசுவது படங்களில் அழகு, சூட்டில் மேல்மணத்தை ஓட்டிவிடும். அதோடு கடையை விட்டு வெளிக்கிட்டுவிடுங்கள். சந்தையில் மரக்கறி வாங்குங்கள், மற்ற அலுவலைப் பாருங்கள். 20 நிமிடம், 1 மணித்தியாலம், 4 மணித்தியாலம் என்று மூன்று தரம் மணந்து, கடதாசித் துண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். கடதாசியில் பழம் வந்து தோலில் வரவில்லை என்றால் மாற்றம் உங்கள் தோலில். இரண்டிலும் வரவில்லை என்றால் குறை போத்தலில். இந்த ஒப்பீட்டைச் செய்யாமல் எழுதும் எந்த விமர்சனத்தையும் நம்ப வேண்டாம்.

பின்னேரம் வீட்டில் இருப்பவர் ஒருவரிடம் கையை நீட்டிக் கேளுங்கள். ஆனால் "இந்த மணம் நல்லா இருக்கா" என்று கேட்காமல், "இது எதைப் போல மணக்குது" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு மரியாதைக்குத்தான் பதில் வரும்.

புதியவர்கள் முழங்கை மடிப்பில் ஒரு துளி விட்டு இரண்டு நாள் கழுவாமல் பார்ப்பது நல்லது. சிவந்தாலோ கடித்தாலோ அந்தப் போத்தலை விட்டுவிடுங்கள். மூலிகை என்று எழுதியிருப்பதால் தோலுக்குச் சுகம் என்றில்லை. கறுவாப்பட்டை எண்ணெய் நன்றாக மணக்கும், தோலை நன்றாகக் கடிக்கும். பழைய முறைகளில் சேர்த்த கோஷ்டத்தின் எண்ணெயை ஒவ்வாமை காரணமாக உலக வாசனைத் தொழில் அமைப்பு தடைசெய்திருக்கிறது. மேல்மணத்தில் எலுமிச்சை போலப் புளிப்பு இருந்தால் அது பழத்தோலைப் பிழிந்தெடுத்த எண்ணெயாக இருக்கலாம். அதைக் கழுத்தில் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் கறுத்துத் திட்டு விழக்கூடும். பெர்கமொட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் எண்ணெய்க்கு, கழுவாமல் விடும் பூச்சுகளில் 0.4 சதவீதம் என்று எல்லை வைத்திருப்பது இதற்காகத்தான். அத்தர் என்பது தண்ணீர் கலக்காத செறிவான சாமான். அந்த எல்லையை அது சுலபமாகத் தாண்டிவிடும்.

காலத்துக்கு வந்தால், சோளகம் வீசும் வைகாசி முதல் ஆவணி வரை இது பகலில் போடும் மணம் அல்ல. சூட்டில் எல்லாம் ஒரேயடியாகக் கிளம்பி, காற்று அதை அள்ளிக்கொண்டு போய்விடும். ஆறு மணிக்குப் பிறகு பூசுங்கள். ஐப்பசி மழை தொடங்கி வாடை இறங்கும் தை வரை இதன் பருவம். காற்றில் ஈரம் இருக்கும்போது மூக்குக்கு மணம் தெளிவாகப் படும். தோலும் குளிர்ந்திருப்பதால் மரிக்கொழுந்து நீண்டு நிற்கும். வெட்டிவேர் ஈரமண்ணோடு எப்படியும் ஒட்டும்.

நல்லூர்த் திருவிழா சோளகத்துக்குள் வருகிறது. அங்கே ஆண்கள் சேட் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். ஆகவே சேட்டில் பூசி வந்த மணம் தோளில் சுருண்டு கிடக்கும். போவதென்றால் நெஞ்சின் நடுவில் ஒரு இழுவை, அதற்கு மேல் வேண்டாம். சாம்பிராணியும் கற்பூரமும் எரியும் இடத்தில் வெட்டிவேரும் கோரைக்கிழங்கும் கரைந்துபோய்விடும். பழம் மட்டும் தனியாக மிதக்கும். நெரிசலில் நிற்பவர்களுக்கு அது அவ்வளவு நன்றாக இராது. கோயிலுக்கு மரிக்கொழுந்து இல்லாத தனி வெட்டிவேரே போதும்.

பட்டிலும் வெள்ளை வேட்டியிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெட்டிவேரும் பச்சோலியும் மஞ்சள், பழுப்பு நிறம் உடையவை, கறை நிற்கும். பட்டுவிட்டால் தேய்க்காமல் உடனே பவுடரைக் கொட்டி அரை மணித்தியாலம் விட்டு உதறி, பருத்தி என்றால் பாத்திரம் கழுவும் திரவத்தின் ஒரு துளியைத் தடவித் தோயுங்கள். பட்டு என்றால் பவுடரோடு நிறுத்திவிட்டு உலர்சலவைக்குக் கொடுங்கள். முத்து மாலை போடுகிறவர்கள் பூசி, காய்ந்த பிறகே மாலையைப் போடுவது நல்லது.

கலப்படம் பற்றி. சில நூறு ரூபாய்க்கு 3 மில்லிலீற்றர் "அசல் மைசூர் சந்தனம்" என்றால் அது அசல் அல்ல. அந்த விலைக்குச் சந்தன எண்ணெயை மொத்தமாகக் கூட வாங்க முடியாது. அதில் செயற்கைச் சந்தனம் இருக்கும். இருந்தால் குற்றமில்லை, அசல் என்று சொல்வதுதான் குற்றம். எதில் கரைத்திருக்கிறார்கள் என்பதே பெரிய கேள்வி. சந்தன எண்ணெயையே அடியாக வைத்து அத்தர் வடித்தது பழைய முறை. இன்று அந்த இடத்தில் திரவ பரஃபினும் கிளைக்கோல் வகைகளும் இருக்கின்றன. அடியாகப் போட்ட பரஃபின் மணத்தை அடக்கிவைக்கும்: போத்தலில் மணம் பலமாக இருக்கும், தோலில் எழும்பாது, கடதாசியில் விட்ட துளி ஒரு வாரம் கழித்தும் மணமில்லாத எண்ணெய்த் திட்டாகவே இருக்கும். கிளைக்கோல் அடி தோலில் முதலில் ஒரு பிசுபிசுப்பைத் தரும். ஒரு துளியைத் தண்ணீரில் விட்டால் பால் போலக் கலங்கிக் கரையப் பார்க்கும். தேங்காய் எண்ணெய் அடி என்ற சந்தேகம் இருந்தால் போத்தலை ஒரு இரவு குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், உறைந்துவிடும்.

"தண்ணீரில் மிதந்தால் அசல், தாழ்ந்தால் போலி" என்றொரு சோதனை சொல்வார்கள். வெட்டிவேர் எண்ணெயின் அடர்த்தி தண்ணீருக்குக் கிட்டத்தட்டச் சமம். நல்ல சரக்கே சில வேளை தாழும். பரஃபின் எப்போதும் மிதக்கும். இந்தச் சோதனையை நம்பி நல்லதை எறிந்துவிட்டுக் கெட்டதை வைத்துக்கொள்வீர்கள். தீக்குச்சி வைத்துப் பார்ப்பதும் வீண், எல்லாம் எரியும்.

பச்சை நிறமும் அசலுக்கு அடையாளமல்ல. செப்புப் பாத்திரத்தில் வடித்த வெட்டிவேர் பச்சை சாயும், உண்மைதான். ஆனால் பச்சைச் சாயம் அதைவிட மலிவு. பஞ்சில் ஒரு துளி விட்டு ஓரத்தைப் பாருங்கள். சாயம் போட்டிருந்தால் நிறம் எண்ணெயிலிருந்து பிரிந்து தனி வளையமாக நிற்கக்கூடும்.

அளவுக் கணக்கு: 3 மில்லிலீற்றர் கால் தோலா, ஏறக்குறைய 90 துளி. நாளுக்கு இரண்டு துளி என்றால் ஒன்றரை மாதம். முதல் தரம் கால் தோலாவுக்கு மேல் வாங்க வேண்டாம். ஒரு மாதம் போட்டுப் பார்த்து, உங்களில் அது பழமாகவே நிற்கிறது என்றால் ஒரு தோலா எடுங்கள், கெட்டுப்போகாது. வெட்டிவேர், பச்சோலி, சந்தனம் மூன்றும் வைக்க வைக்க முனை மழுங்கி நன்றாகும். தோடம்பழ மேல்மணம் போட்ட கலவை மட்டும் ஒரு வருடத்தில் தாப்பன்தைல (டர்பன்டைன்) வாசம் பிடிக்கும்.

உங்களில் அது கசாயமாகவே நிற்கிறது, வாசலினும் மழைத்தண்ணீரும் உதவவில்லை என்றால், கலவையை விட்டு வெட்டிவேரையும் சந்தனத்தையும் தனித்தனியாக வாங்குங்கள். சந்தனம் முதலில், ஐந்து நிமிடம் கழித்து அதே இடத்தில் வெட்டிவேர், இரண்டுக்கு ஒன்று என்ற அளவில். ஆளுக்கு ஆள் மாறும் விளையாட்டு இதில் இல்லை. இனிப்பு ஆகப் பெருகி, ரொபி போல நிற்கிறது என்பவர்கள் கோரைக்கிழங்கு எண்ணெயை ஒரு துளி மேலே போட்டால் கட்டுக்குள் வரும். ஒரு துளிக்கு மேல் போனால் புகையிலைக் குடிலுக்குள்ளேயே நிற்பீர்கள்.

போத்தலைப் பற்றி ஒரு குறை. கூடுதலான கடைகள் கொடுக்கும் உருளைப் போத்தலில் பந்தைப் பிடிக்கும் வளையம் மலிந்த பிளாஸ்ரிக். பச்சோலி, தேவதாரு எண்ணெய்கள் அதை மெல்ல இளக்கிவிடும், ஒழுகும். சேட் பையில் படுக்கையாக வைக்காதீர்கள். கண்ணாடிக் குச்சி வைத்த போத்தல் இருக்கிறதா என்று கேளுங்கள், கொஞ்சம் கூடக் கேட்பார்கள், கொடுக்கலாம். உருளைதான் கிடைத்தது என்றால் நேராக நிறுத்தி, வெயில் படாத அலுமாரியில் வையுங்கள். பந்து இறுகிச் சுற்றாவிட்டால் ஊசியால் கிளப்பாமல், மூடியோடு வெந்நீரில் இரண்டு நிமிடம் வைத்தால் இளகும்.